ஊட்டியில் யாருக்கு வீடு?

ஊட்டிக்கு டூர் போய் வந்தவர்கள் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "முன்னே மாதிரி இல்லைப்பா, ஒரே கட்டடமாப் போச்சு." உண்மைதான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் மலைச்சரிவு முழுக்க தீப்பெட்டி அடுக்கின மாதிரி கட்டடங்கள். இத்தனை கட்டடம் இருக்கிற ஊரில் வீட்டுக்குப் பஞ்சம் இருக்க முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் இருந்தவர்கள் 7,62,141 பேர். 2011ல் 7,35,394 பேர். ஆமாம், குறைந்திருக்கிறது! அந்தப் பத்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரிதான். ஊட்டி நகராட்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் 93,987லிருந்து 88,430. (அடுத்த கணக்கு 2021ல் எடுத்திருக்க வேண்டும். அது 2027க்குத் தள்ளிப் போய்விட்டது.) பச்சைத் தேயிலை விலை விழுந்ததில் பிழைப்பு இல்லாமல் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனவர்கள் இதில் நிறையப் பேர்.

ஆள் குறைந்திருக்கிறார்கள், கட்டடம் கூடியிருக்கிறது. அப்படியென்றால் வாடகை மலிந்திருக்க வேண்டும், மூன்றாவது தலைமுறையாக லைன் வீட்டில் கிடப்பவருக்கு ஒரு வீடு கிடைத்திருக்க வேண்டும். பொருளாதாரப் பாடப் புத்தகம் அப்படித்தானே சொல்கிறது? நடக்கவில்லை. ஏனென்றால் கூடிய கட்டடங்களில் பல, குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டவையே அல்ல. காட்டேஜ், ஹோம் ஸ்டே, வருஷத்தில் பத்து நாள் வந்து தங்கும் சென்னை, பெங்களூர்க்காரரின் 'செகண்ட் ஹோம்'. ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டால் வருகிற பணத்தை, மே மாத சீசனில் சில நாட்களிலேயே எடுத்துவிடலாம் என்றால் வீட்டுக்காரர் எதைச் செய்வார்? அவரைத் திட்டிப் பயனில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் வேறு. "நீலகிரியில் எதையும் கட்டவே விடமாட்டார்கள் சார், அவ்வளவு சட்டம்" என்பார்கள். சட்டம் இருப்பது உண்மை. 1990ல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்தது, சுருக்கமாக 'ஹாகா'. 1993ல் மலை நகரங்களுக்கான கட்டட விதிகளும் மாஸ்டர் பிளானும் வந்தன. கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, அதாவது தரைத்தளமும் ஒரு மாடியும்தான். மண்ணை வெட்ட ஜேசிபி இறக்கவே தனியாக அனுமதி வாங்க வேண்டும். காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறை, சரிவு என்றால் மண் ஆய்வு, வரைபடத்துக்கு ஒரு கமிட்டி... இப்படி ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும்.

விதி தப்பு என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் என்ன நடந்தது என்று குன்னூர்க்காரர்களிடமும் கேத்திக்காரர்களிடமும் கேட்டால் சொல்வார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு 283 இடங்கள் அபாயகரமானவை என்று அடையாளம் காணப்பட்டு, ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தப் பட்டியல் தூசி தட்டி எடுக்கப்படுகிறது. இந்த மண்ணில் பத்து மாடி கட்ட விடுவது கொலைக்குச் சமம். கொடைக்கானலில் 1990களில் 'பிளசண்ட் ஸ்டே' ஓட்டலுக்காக இதே மலை விதியிலிருந்து விலக்கு அளித்து அரசாணை போட்டு, ஏழு மாடி எழும்பி, அந்த ஆணை கோர்ட்டில் ரத்தாகி, கடைசியில் கூடுதல் மாடிகளை இடிக்க வேண்டியதாயிற்று. விலக்கு யாருக்குக் கிடைத்தது என்று கவனியுங்கள். கூலிக்காரருக்கு அல்ல.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 600 சதுர அடியில் அஸ்திவாரம் போட நினைக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஊழியரும், பன்னிரண்டு அறைகளோடு 'வில்லா' கட்டப் போகிறவரும் கிட்டத்தட்ட ஒரே க்யூவில் நிற்கிறார்கள். வில்லாக்காரரிடம் ஆர்க்கிடெக்ட் உண்டு, வக்கீல் உண்டு, இரண்டு வருஷம் காத்திருக்கப் பணமும் உண்டு. ஊழியரிடம் இருப்பது பிஎஃப்பில் எடுத்த தொகை மட்டும்தான். மணல், செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் மலை ஏறி வர வேண்டும், அந்தச் செலவு வேறு. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பணத்தில் அஸ்திவாரம்கூட எழும்பாது. அதனால் அவர் ஒன்று, அனுமதி இல்லாமல் சரிவில் ஒரு தகரக் கூரையைப் போடுகிறார், அல்லது மலை இறங்குகிறார். விதியின் நோக்கம் மலையைக் காப்பது. நடைமுறையில் அது சின்ன வீட்டைத் தடுத்து நிறுத்தி, பெரிய கட்டடத்தைத் தாமதப்படுத்த மட்டுமே செய்கிறது.

சரி, இதையெல்லாம் பேச வேண்டிய இடம் எது? நகர்மன்றம். ஊட்டி நகராட்சியும் குன்னூர் நகராட்சியும் 1866லேயே பிறந்தவை. தமிழ்நாட்டின் பல பெரிய ஊர்களைவிட மூத்தவை. 1993 ஜூனில் அமலுக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 வேலைகளைப் பட்டியலிடுகிறது. நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது, குடிசைப் பகுதி மேம்பாடு, வறுமை ஒழிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் 'யாருக்கு வீடு' என்ற கேள்வி நகர்மன்றத்தின் சொந்தக் கேள்வி.

ஆனால் நகர்மன்றக் கூட்டத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, குடிதண்ணீர் நாலு நாளைக்கு ஒரு முறைதான், நடைபாதைக்குக் கைப்பிடி வேண்டும், மார்க்கெட் கடை வாடகை. இவை சின்ன விஷயங்கள் என்று சொல்லவில்லை. மலை ஊரில் நடைபாதைக் கைப்பிடி பாட்டிகளின் உயிர்ப் பிரச்சினை. ஆனால் வீடு என்ற பொருளே நிகழ்ச்சி நிரலில் அபூர்வம். வந்தாலும் 'அனுமதியற்ற கட்டடம்' என்ற பெயரில்தான் வரும். சீல் வைப்பதா வேண்டாமா என்று பேசுவார்கள். எத்தனை குடும்பத்துக்கு வீடு இல்லை என்று பேச மாட்டார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் மன்றமே கிடையாது! ஐந்து வருஷத்துக்கு மேல் தேர்தல் நடக்காமல், தனி அலுவலர்கள்தான் எல்லாம். ஊட்டி மார்க்கெட்டில் வாடகைப் பாக்கிக்காக நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைத்தது 2021 ஆகஸ்டில். அந்த முடிவைக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட அப்போது பதவியில் இல்லை. பூட்டிய கடை முன்னால் நின்ற வியாபாரிக்குத் தன் வார்டு மெம்பர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. கிராம ஊராட்சிகளின் கதையும் அதுதான். 2019 டிசம்பரில் நீலகிரியில் தேர்தல் நடந்தது, 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது, உடனே தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். அதிகாரி கெட்டவர் என்பதல்ல விஷயம். இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவரிடம் இருபது வருஷத்து வீட்டுத் திட்டத்தை யார் எதிர்பார்ப்பது?

இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. வீடு யாருக்கு மிக அவசரமாக வேண்டுமோ, அவர்கள் இருக்கும் இடத்தில் நகராட்சியின் கை எட்டாது. எஸ்டேட்டைத்தான் சொல்கிறது.

நீலகிரியில் 'லைன்' என்பார்கள், வயநாட்டில் 'பாடி', மூணாறிலும் இலங்கையிலும் 'லயம்'. பெயர் மூன்று, பொருள் ஒன்று: ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். 1951ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுப்பது முதலாளியின் கடமையாக இருந்தது. 2020ல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்த அம்மா ஓய்வு பெறும் அன்று, வீட்டுச் சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்ற பேச்சு ஆரம்பிக்கும். அதனாலேயே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் ஒருவரை எஸ்டேட் வேலைக்கு அனுப்பி வைக்கிற குடும்பங்கள் உண்டு. சம்பளத்துக்காக அல்ல, கூரைக்காக. அண்ணன் காலேஜ் போவதற்காகத் தங்கச்சி கூடை தூக்குகிறாள் என்றால், அந்த வீட்டின் உண்மையான வாடகை அதுதான்.

இவர்களில் ஒரு பெரிய பகுதி தாயகம் திரும்பியோர். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. தலைமுறைகளாக இலங்கை மலையில் தேயிலை வளர்த்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் 1968ல் தமிழ்நாடு அரசு வனநிலத்தில் தேயிலை பயிரிட ஆரம்பித்தது. 1976லிருந்து அது 'டான்டீ'. குன்னூரில் தலைமை அலுவலகம், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று தோட்டங்கள். சமவெளியில் கையில் சிறு கடன் தொகையோடு இறக்கி விடப்பட்டவர்களிலும் பலர், தெரிந்த ஒரே தொழிலைத் தேடி மலை ஏறி வந்தார்கள். ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. 2022ல், நஷ்டத்தில் ஓடும் டான்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திரும்பக் கொடுக்கப்படும் என்று அரசாணை வந்தபோது தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தது சம்பளத்துக்காக மட்டும் அல்ல. காடு திரும்பட்டும், நல்லது. ஆனால் அந்தக் காட்டுக்குள் இருக்கிற லைன் வீட்டில் இருப்பவர் எங்கே திரும்புவார்? 'தாயகம் திரும்பியோர்' என்று ஒரு முறை திரும்பி ஆயிற்றே!

நெல்லியாளம் என்று ஒரு நகராட்சி இருக்கிறது. பந்தலூர், தேவாலா பக்கம். பெயர் நகராட்சி, பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. அங்கே கவுன்சிலராக ஜெயித்தவர் தன் வார்டு மக்களுக்கு ஒரு கழிப்பறை கட்டிக் கொடுக்க நினைத்தாலும், நிலம் எஸ்டேட்டுடையது அல்லது வனத்துறையுடையது. தடையில்லாச் சான்று வேண்டும். ஓட்டு கேட்கும்போது அது அவர் வார்டு, வேலை செய்யும்போது அது வேறொருவர் நிலம்.

கூடலூர் இன்னும் மோசம். நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலமாக இருந்தவை, 80,000 ஏக்கர் அளவுக்கு. 1969ல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தும், அதன் 17வது பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களுக்கு முடிவு வராமலே தலைமுறைகள் போய்விட்டன. பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கே திண்டாட்டம். சொந்த இடத்தில் வீடு கட்ட மானியம் தரும் எந்தத் திட்டமும், அது பிரதமர் பெயரில் இருந்தாலும் கலைஞர் பெயரில் இருந்தாலும், முதலில் கேட்பது "இடம் உங்கள் பெயரில் இருக்கிறதா?" என்றுதான். நாட்டின் வனச் சட்டத்தையே மாற்றிப் போட்ட கோதவர்மன் வழக்கு 1995ல் ஆரம்பித்தது இந்தக் கூடலூர்க் காடுகளைப் பற்றித்தான் என்பது பலருக்குத் தெரியாது. காட்டுக்கு ஒரு தீர்ப்பு கிடைத்தது. அதே மண்ணில் குடியிருந்த சிறு விவசாயியின் கேள்வி அப்படியே நிற்கிறது.

லைன் வீட்டின் அபாயத்தைப் பக்கத்து மாநிலம் இரண்டு முறை காட்டிவிட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் லயங்களோடு புதைந்து போனவர்கள் 70 பேர். கயத்தாறு பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் அதில் நிறைய. 2024 ஜூலை 30ல் முண்டக்கை, சூரல்மலை. பந்தலூரிலிருந்து பார்த்தால் அது அடுத்த மலைத்தொடர்தான். அதன்பிறகு கேரள அரசு கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட்டைக் கையகப்படுத்தி, ஒரு குடும்பத்துக்கு 7 சென்ட் நிலத்தில் 1,000 சதுர அடி வீடு என்று டவுன்ஷிப் ஆரம்பித்தது. இலங்கையிலோ, இங்கே வராமல் அங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கு 7 பேர்ச் நிலத்தில் தனி வீடு என்று இந்திய உதவியோடு ஒரு திட்டம் நடக்கிறது. முதலில் 4,000 வீடு, 2017ல் இன்னும் 10,000 என்று அறிவிப்பு. 7 பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி நிலம். வேகம் போதாது என்ற புகார் அங்கேயும் உண்டு. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: ஹட்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கு நிலத்தோடு வீடு கட்ட இந்தியா பணம் கொடுக்கிறது. அதே குடும்பத்தில் கோத்தகிரிக்கு வந்துவிட்ட பெரியப்பா லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வாங்கினால், அதற்கு ஒரு பதிலும் இல்லை.

என்ன செய்யலாம்? 7 மீட்டர் விதியைத் தளர்த்து என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஓட்டல்காரர்களும் கேட்பார்கள், கூடவே ஏழையின் பெயரையும் சேர்த்துக் கொள்வார்கள். அது வேண்டாம். 2024லிருந்து சமவெளிக்கு வந்திருக்கும் சுயசான்று முறையும் மலைச்சரிவுக்குப் பொருந்தாது. மண் யாருடைய கையெழுத்துக்கும் கட்டுப்படாது. நகர்மன்றம் செய்ய வேண்டியது வேறு. குடியிருக்கும் வீட்டையும் வாடகைக்கு விடும் கட்டடத்தையும் விண்ணப்பத்திலேயே பிரிக்க வேண்டும். 600, 700 சதுர அடிக்குள் மலைக்கென்று இரண்டு மூன்று மாதிரி வரைபடங்களை நகராட்சியே தயாரித்து வைக்க வேண்டும். சரிவை மட்டும் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, இத்தனை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். தொடர்வீடு என்றால் லைன் மாதிரி இருக்கும் என்று பயப்படத் தேவையில்லை. படகர் ஹட்டிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகத்தான் இருக்கின்றன. ஒரே மேடையில் பல வீடு, சரிவை வெட்டுவது குறைவு. லைனுக்கும் ஹட்டிக்கும் வித்தியாசம் சுவரில் இல்லை, வீடு யார் பேரில் என்பதில்.

அடுத்தது கணக்கு. ஹைகோர்ட் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 சீசனில் வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே வந்தது. இன்று பர்லியாறைத் தாண்டிய கார் எத்தனை என்று மாவட்ட நிர்வாகம் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். அந்தக் காரில் வந்தவர் தங்கிய வீடு, வரிப் பதிவேட்டில் குடியிருப்பா வணிகமா? வார்டு வாரியாக இந்தப் பட்டியலை எடுத்து மன்றத்தில் வைக்க எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம். சொத்து வரிப் பதிவேடு, மின் இணைப்பு வகை, இணையத்தில் அந்தக் காட்டேஜ் போட்டிருக்கும் விளம்பரம், மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். வருகிற கூடுதல் வரியைத் தெருவிளக்கில் கரைக்காமல் வீட்டுக்கென்று தனியே ஒதுக்கலாம். சொந்தக்காரர்களிடம் முணுமுணுப்பு வரும். கவுன்சிலர்களில் சிலரிடமிருந்தும் வரும், அவர்களில் காட்டேஜ் வைத்திருப்பவர்கள் இருக்க மாட்டார்களா என்ன!

எஸ்டேட் விஷயத்தில் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை, ஆனால் வாய் இருக்கிறது. அடுத்த மூன்று வருஷத்தில் தன் எல்லைக்குள் ஓய்வு பெறப் போகும் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்களில் சொந்த வீடு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று டான்டீயிடமும் தனியார் எஸ்டேட்களிடமும் தீர்மானம் போட்டு எழுத்தில் கேட்கலாம். வருவாய்த்துறையிடம் சரிவில்லாத அரசு நிலம் எங்கெங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம். இரண்டு பட்டியலையும் ஒரே மேசையில் வைத்தால், கலெக்டருக்கும் அரசுக்கும் 'தெரியாது' என்று சொல்ல வழி இருக்காது.

2022 மார்ச்சில் பதவியேற்ற நகர்மன்றங்களின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் நடக்கும் ஏதாவது ஒரு கூட்டத்தில், தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் நடுவில், இந்த இரண்டு பட்டியலைக் கேட்கும் தீர்மானத்தை ஒரு கவுன்சிலர் கொண்டுவர முடியும். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.